தாய்வீட்டுக்குப் போகாத சுஜிதா

கடல் நடுவே ஒரு தீவில், பாம்பூஃப்ளாட் என்ற ஊரில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் சுஜிதாவுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. எட்டாம் மாதத்தில், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா வற்புறுத்த, தூத்துக்குடிக்குப் புறப்பட்டு, சென்னைக் கப்பலில் ஏறினாள். மூன்று நாள் கடல். இரண்டாம் நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் வீங்கியது. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, கப்பல் டாக்டரிடம்கூடச் சொல்லாமல் படுத்துக் கிடந்தாள். சென்னையில் இறங்கியதும் வலிப்பு வந்தது. அவள் பிழைத்தாள். பெண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது.

ரத்த அழுத்தம் என்றார்கள் டாக்டர்கள். புறப்படுவதற்கு முன் இரண்டு மாதம் அவள் பரிசோதனைக்கே போயிருக்கவில்லை. கிறிஸ்துமஸ் தையல் குவிந்து கிடந்தது.

மூன்று வருடம் கழித்து மறுபடி நாள் தள்ளிப்போனது. அந்த வாரமே சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸ் ரூபாவிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். கடலுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தினமும் போட ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்த்தார்கள். ஒரு தடவையும் அவள் தவறவில்லை.

"தலைவலி, கண் மங்கல், மேல்வயித்துல வலி, எது வந்தாலும் படுத்துடாதே. நேரா இங்க வா," என்றாள் ரூபா.

தூத்துக்குடியிலிருந்து அம்மா ரீத்தா போனில் சத்தம் போட்டாள். "ஏட்டி, தாய்வீடு இருக்கையில அங்கன கெடந்தா பெறுவ? பிளேன்லயாவது வா."

"வரலம்மா. என்னைப் பார்க்கிற டாக்டர் இங்கதான் இருக்கார்."

போனை வைத்த ரீத்தா ஒரு மாதம் பேசவே இல்லை.

முப்பத்துநாலாவது வாரம், ஒரு செவ்வாய் மத்தியானம். கணவன் டெர்வின் மீன்பிடிக்கப் போயிருந்தான். ஊசியில் நூல் கோக்கும்போது கண்முன்னே பூச்சி பறந்தது. சுஜிதா மெஷினை அப்படியே விட்டு, பக்கத்து வீட்டு ஒச்சம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தாள்.

பிரஷர் நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து.

"ஜல்தி!" என்று ரூபா ஆம்புலன்ஸ் டிரைவரை விரட்டினாள். ஊசி போட்டு, ஆம்புலன்ஸோடு ஃபெர்ரியில் ஏற்றினார்கள்; ரூபாவும் கூட வந்தாள். அக்கரை வந்து சேரும்வரை சுஜிதா வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ரூபா தீதி, அசையுது," என்றாள், அக்கா முறையில் அழைத்து. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "அசையுது."

சாயங்காலம் ஆபரேஷன். ஆண் குழந்தை, ஒரு கிலோ எண்ணூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மறுநாள் கரை திரும்பிய டெர்வின், வலை நாற்றம் மாறாத சட்டையோடு வாசலில் நின்று அழுதான்.

பத்தாம் நாள் ரீத்தா வந்தாள். முதன்முதலாகக் கப்பல் ஏறியிருந்தாள். வழி முழுக்க வாந்தி. பேரனைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"மூணு நாளு... எட்டு மாசத்தோட இதுலயா உன்னை வரச் சொன்னேன்?"

சுஜிதா, அம்மா உட்கார நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.