சக்கரக் கோபுரத்தின் வெளிப்பக்கம்

1986-ஆம் ஆண்டு மே மாதம் இருபத்தேழாம் நாள். செம்பூரில் காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. கடல் பக்கத்திலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு காற்று விட்டுவிட்டு வீசியது. மழை இறங்குவதற்குள் தொழிற்சாலைக் கொட்டகையின் கூரைச் சட்டங்களுக்கு வண்ணம் பூசி முடிக்க வேண்டும். அதற்காக வந்த அலுமினியச் சாரம் முற்றத்தில் ஒரு சிறு கோபுரம் போல நின்றது. எல்லாரும் அதை டவர் என்றார்கள். அதன் கால்களில் சக்கரங்கள் இருந்தன.

அந்தச் சக்கரங்கள்தாம் வானமாமலையை அச்சுறுத்தின. நாங்குநேரியிலிருந்து வந்து தாராவியில் குடியேறிய நாள்முதல் அவருக்கு வண்ணம் பூசுவதே தொழில். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி அவர் ஏறாத மாடி குறைவு. ஆனால் அவையெல்லாம் மூங்கில் சாரங்கள்; மண்ணில் ஊன்றி, கயிற்றால் இறுக்கி, சன்னல் கம்பிகளோடு பிணைத்தவை. வெறுங்காலின் விரல்களால் முடிச்சைப் பற்றி, வெளிப்பக்கமாகவே ஏறி இறங்குவார். இதுவோ எதனோடும் பிணைக்கப்படாமல் தனியே நின்றது. தள்ளினால் நகரும் ஒன்றின்மீது மனிதன் எப்படி நிற்பது?

ஆயினும் அச்சத்தை அவர் வெளிக்காட்டவில்லை. பயிற்சியில் தேறுபவர்களுக்கே உயர வேலை. அவர்களை மட்டுமே நிர்வாகம் மழைக்குப் பின்னும் வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் கூலிக்கு ஆள் பிடிக்கும் நாக்காவில் போய் நிற்க வேண்டியதுதான்.

பயிற்சி அளித்தவர் மாட்டுங்காக்காரரான பாதுகாப்பு அலுவலர் சந்திரமௌலி. முதலில் இடுப்பளவுகூட இல்லாத ஒரு தாழ்மேடையைக் காட்டி, அதிலிருந்து விழுந்தாலும் முதுகெலும்பு முறியும் என்றார். உடன் வேலை செய்யும் மன்சூர் அலி, வானமாமலையின் காதருகே குனிந்தார்.

"இதுல ஏற எதுக்குவே டிரெய்னிங்கு? எம்மவ தொட்டிலு இதைவிட ஒசரம்."

வானமாமலைக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்பு சந்திரமௌலி டவரின் விதிகளைச் சொன்னார். பிரேக்கைக் காலால் மிதித்துச் சக்கரங்களைப் பூட்ட வேண்டும். மேலே ஆள் இருக்கையில் தள்ளக் கூடாது. ஏணி சட்டத்துக்குள்ளே இருப்பதால் உள்ளேயே ஏறி உள்ளேயே இறங்க வேண்டும். வெளிப்பக்கம் எடை சேர்ந்தால் டவர் அந்தப் பக்கமே சாயும். சாயாமல் தாங்கும் முட்டுக்கால்கள் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டு அடுக்குதானே என்று அவை இல்லாமலே தொடங்கிவிட்டார். வானமாமலை ஒவ்வொரு விதிக்கும் தலையசைத்தார். நெஞ்சிலோ சக்கரம் மட்டுமே உருண்டுகொண்டிருந்தது.

அவருடைய முறை வந்தது. உள்வழியே ஏறிப் பலகையில் நின்றார். அப்போது காற்று வந்து சட்டத்தை உலுக்கியது. மூங்கிலென்றால் முனகி எச்சரிக்கும். இது ஓசையே இல்லாமல் ஆடியது. இறங்கலாம் என்று கீழிருந்து குரல் வந்ததும், கைப்பிடிக் கம்பியைத் தாண்டி, வெளிப்பக்கமாகக் காலைத் தொங்கவிட்டார். புதிய பூட்சுக்குள் கால்விரல்கள், அங்கே இல்லாத கயிற்று முடிச்சைத் தேடி மடங்கின.

எதிர்ப்பக்கச் சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பின.

மன்சூர் அலி ஓடிப்போய், எழும்பிய பக்கத்தின் அடிக்கம்பியில் தாவி ஏறித் தம் முழு எடையையும் கொடுத்துத் தொங்கினார். சக்கரங்கள் தடாலென்று தரையில் அமர்ந்தன.

"அசையாதேயும் வே. கம்பிய விட்டுராதேயும். மொதல்ல ஒரு காலை உள்ள போடும்."

அந்த ஒரு காலைத் தூக்குவதற்குள் வானமாமலைக்கு உயிர் போய்த் திரும்பியது. விரல்கள் கம்பியோடு ஒட்டிக்கொண்டு விட மறுத்தன. ஒருவழியாக உள்ளே வந்து, ஏணியில் இறங்கி, தரையைத் தொட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேலே யாரும் இல்லாதபோதும் மன்சூர் அலி அடிக்கம்பியை விட்டு இறங்கவில்லை.

முகம் வெளுத்த சந்திரமௌலி பக்கத்தில் வந்து குந்தினார். முட்டுக்கால்கள் வராமல் ஒருவரையும் ஏற்றியிருக்கக் கூடாது, அது தம் தவறு என்று தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார். ஆயினும், உயர வேலைக்கு யார் யார் என்பதை மாலைக்குள் மேலாளரிடம் அவர் சொல்லியாக வேண்டும். கால் வழுக்கிவிட்டது என்று சொல்லச் சொல்லி மன்சூர் அலி அங்கிருந்தே சாடை காட்டினார். சந்திரமௌலி வானமாமலையைக் கேட்டார்.

"உள்ள ஏணி இருக்குன்னு தெரிஞ்சுதானே ஏறினேள்? அப்புறம் ஏன் வெளிப்பக்கமா இறங்கினேள்?"

வழுக்கிவிட்டது என்றால் வேலை நிலைக்கும். நாளைக்கு மறுபடியும் அதே பலகையில் போய் நிற்கவும் நேரும். வானமாமலை டவரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"பயந்துட்டேன், சார்."