நான் வாசிக்காமல் விட்ட வரி

அக்கா கொடுத்த தாளில் மூன்றே வரிகள். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். அடிவயிற்றில் வலப்பக்கம் மட்டும் குத்துகிறது. இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக உதிரம் படுகிறது. அதற்கு முன்னால் இரண்டு மாதம் நாள் தள்ளிப்போயிருந்தது. "அப்படியே வாசிச்சுக் கேளுலா, ஒண்ணையும் விட்டுறாதே" என்று பாயில் சுருண்டு படுத்தபடி சொன்னாள்.

கூடப்பிறந்த அக்கா இல்லை. மலேசியாவில், பத்து காஜா என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அவள்தான் என்னை ஈப்போவுக்கு அழைத்துவந்து மின்னணுத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டாள். ஹாஸ்டலில் ஒரே அறை. முதல் மாதம் நான் அழுதபோதெல்லாம் எனக்குத் தலைவாரிவிட்டு வேலைக்கு இழுத்துக்கொண்டு போனவள். ஹுத்தான் மெலிந்தாங்கில் அவளுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. தை மாதம் கல்யாணம். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவளைப் படத்துக்குக் கூட்டிப்போவார். மூன்றாவது வரியை வாசித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை.

அந்த நாளில் நகரத்துக் கிளினிக் ஒன்றில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. வாரத்தில் ஒரு சாயங்காலம், வயசுப் பெண்கள் போன் பண்ணி, பெயர் சொல்லாமல் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு மிஸ்ஸி, நர்ஸைத்தான் அப்படிக் கூப்பிடுவோம், மலாயில் பதில் சொல்வார். அக்காவுக்குக் கடைகண்ணியில் பேசும் மலாய்தான் வரும். நான் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்தவள். அந்தப் பவிசில் தாளை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

போன் இருந்தது காப்பிக்கடை வாசலில். எனக்குப் பின்னால் இரண்டு மேசை நிறைய ஆம்பளைகள். அதில் ஒருவர் எங்கள் தோட்டத்தில் குடியிருந்தவர். என்னைப் பார்த்ததும் "என்ன பாப்பா, யாருக்குப் போனு?" என்று கேட்டுச் சிரித்தார். அவ்வளவுதான், என் காது இரண்டும் கொதித்தது. முதல் வரியைச் சொன்னேன். இரண்டாவதை முணுமுணுத்தேன், அதுவும் மாதாமாதம் வருகிற தொல்லை என்கிற மாதிரி மாற்றி. மூன்றாவதை வாசிக்கவே இல்லை.

மிஸ்ஸி விடவில்லை. நாள் தள்ளிப்போனதா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று நிதானமாகக் கேட்டார். "இல்லை மிஸ்ஸி, அவள் நல்ல பெண்" என்றேன். கேட்டதற்கு அதுவா பதில்? "நிச்சயமாகத் தெரியுமா?" என்று மறுபடியும் கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் வெந்நீர் ஒத்தடம் கொடு, படுக்கச் சொல், வலி கூடினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றார். நான் ஓடிவந்து ஒத்தடம் கொடுத்தேன். என்னமோ பெரிய உபகாரம் செய்தவள் மாதிரி.

மறுநாள் காலை வேலை மேசையிலேயே அக்கா சரிந்து விழுந்தாள். கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் வளர்ந்து, வெடித்திருந்தது. அறுவை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். நேற்றே வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார். கண் விழித்ததும் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எல்லாத்தையும் கேட்டியா?"

"கேட்டேன்க்கா" என்றேன். ச்சீ, என்ன ஜென்மம் நான்! வாயில் ஒரு தடங்கல்கூட இல்லாமல் வந்தது அந்தப் பொய்.

அதோடு போகவில்லை. ஹாஸ்டலுக்குத் திரும்பிய அக்கா எல்லாப் பெண்களிடமும் சொன்னாள்: "அந்த மிஸ்ஸிய நம்பாதீங்க. சாகக் கிடந்தவளுக்கு வெந்நீர் ஒத்தடம் சொன்னவ." சமையல்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்த கிளினிக் நம்பரை ஒருத்தி கிழித்துப் போட்டாள். நான் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எங்களில் ஒருத்தியும் அங்கே போன் பண்ணியதாக நினைவில்லை. எத்தனை பேர் எதை எதை உள்ளேயே வைத்துப் புழுங்கினார்களோ.

அக்காவின் கல்யாணம் தள்ளிப்போய் நடந்தது. பிள்ளை தங்கவில்லை. தம்பி மகளைத் தன் மகளாக வளர்த்தாள். ஆண்டுகள் ஓட ஓட, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

போன வருஷம் தாப்பாவில் ஒரு கல்யாண வீடு. சாப்பாடு முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்தத் தம்பி மகள் முகம் வெளிறி, கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். என்ன என்று அக்கா கேட்டாள். மூன்று மாதமாகத் தீட்டு நிற்காமல் படுகிறதாம். மிஸ்ஸிமாரிடம் எழுதிக் கேட்கிற வசதி போனிலேயே இருக்கிறதாம். அக்கா வெடுக்கென்று அதைப் பிடுங்கினாள். "இதெல்லாம் நம்பாதே. நம்பித்தான் நான் வயித்தக் கிழிச்சுக்கிட்டேன்."

இதற்கும் வாய் திறக்காவிட்டால் நான் மனுஷியே இல்லை.

"அந்த மிஸ்ஸி கேட்டாங்கக்கா. நாள் தள்ளிப்போச்சான்னு ரெண்டு தடவ கேட்டாங்க. நான்தான் வெக்கப்பட்டு இல்லன்னு சொன்னேன்."

"இத்தன வருஷமா அந்தப் பொம்பளையத் திட்டிக்கிட்டு இருந்தேனே" என்றாள் அக்கா. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு தம்பி மகள் பக்கம் திரும்பி, கைப்பேசியை அவள் கையில் வைத்தாள்.

"நீயே கேளு. யாரையும் விட்டுக் கேக்காதே."