ஐந்தாவது குடித்தனம்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு கதவு இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒரு கட்டில் போடலாம், கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவுதான். இப்போது அங்கே சிமெண்ட் மூட்டையும் கால் உடைந்த நாற்காலியும் கிடக்கின்றன. அந்த அறையில்தான் ஆந்தை அண்ணன் தன் ஆயுசில் பெரும்பகுதியைத் தூங்கிக் கழித்தார்.

ஆந்தை என்று பெயர் வைத்துக்கொண்டது அவரேதான். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவருக்கு இரவு வேலை. ஊர் உறங்குகிற நேரத்தில் நோயாளிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துப் பிழிந்து உலர்த்தி, விடிந்ததும் அடுக்கிக் கொடுத்துவிட்டு வருவார். நாங்கள் பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற நேரமும் அவர் வீட்டுக்குள் நுழைகிற நேரமும் ஒன்று. உள்ளங்கை இரண்டும் ஊறி, வெளுத்துச் சுருங்கியிருக்கும். சட்டையில் சோப்பும் நீராவியும் கலந்த வாசம் வீசும். "சரி, எல்லாருக்கும் குட் நைட்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். பிள்ளைகள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போவார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் தூங்குற நேரத்துல அவ முழிச்சிருப்பா, அவ தூங்குற நேரத்துல நான் வேலைல இருப்பேன். சண்டை போடவாவது நேரம் கிடைக்க வேணாமா தங்கச்சி?" என்றார்.

வேடிக்கையாகவே பதில் சொல்கிறவரிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? விட்டுவிட்டேன்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் படிக்கட்டு, ஒரு பக்கம் குளியலறை, பின்பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத சந்து. குளியலறைப் பக்கத்துச் சுவர் எந்நாளும் ஈரம். பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். அதை மறைக்கப் பழைய செய்தித்தாளை ஒட்டுவார். மழைக்காலத்தில் அது தானாக உரிந்து அவர் முகத்தில் விழும். "பேப்பர்காரன் தலைமாட்டுலயே போட்டுட்டுப் போறான்" என்பார். கதவைச் சாத்திவிட்டால் பட்டப்பகலில்கூடக் கண்ணுக்கு நேராக நீட்டிய கை தெரியாது. பகலில் தூங்குகிற மனிதருக்கு அந்த இருட்டு வசதியாக இருந்தது. இருட்டோடு சேர்ந்துதான் ஈரமும் வருகிறது என்பதை அவரும் யோசிக்கவில்லை, யாரும் யோசிக்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் மாடிப்படி மரத்தில் இருந்தது. செல்லரித்துப் போயிருந்தது. ஒரு நாள் கண்டக்டர் வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போது பலகை முறிந்து முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. நான் சும்மா இருப்பேனா? கட்டுப் போட்ட காலோடு அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுவசதி அலுவலகத்தின் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். வாடகைக்கு விடுகிற வீடு என்றால் இன்னின்ன இருந்தே ஆக வேண்டும் என்று அப்போதுதான் புதிதாகச் சட்டம் வந்திருந்தது. ஒழுகாத கூரை, உறுதியான படி, குடிக்கத் தண்ணீர், தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ், ஈரம் ஏறாத சுவர். வெளிக்காற்று வருகிற மாதிரி ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு ஜன்னலாவது வேண்டும். அங்கே இருந்த ஆள் படித்துச் சொல்லச் சொல்ல நான் மனதில் போட்டுக்கொண்டேன்.

அளவு நாடாவும் கையுமாக ஓர் அதிகாரி வந்தார். எதைப் பார்த்தாலும் அளந்தார். தண்ணீர்த் தொட்டியை அளந்தார், கதவை அளந்தார். குறுக்கே வந்த பூனை மட்டும்தான் தப்பித்தது. எல்லாம் அளந்து முடித்துவிட்டு வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டார்.

"மொத்தம் எத்தனை குடித்தனம்?"

"நாலுங்க."

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. எங்கள் பேச்சில் குடித்தனம் என்றால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை, அடுப்பு. தனி ஆளாக இருந்தால் 'தங்கியிருக்கிறார்' என்போம், குடித்தனம் என்று சொல்லமாட்டோம். கண்டக்டர் வீடு, தையல்காரர் வீடு, டீச்சர் வீடு, எங்கள் வீடு. கணக்குச் சரிதான்.

இந்தச் சத்தத்தில் தூக்கம் கலைந்து, தோளில் துண்டோடு ஆந்தை அண்ணன் கதவைத் திறந்து குனிந்து வெளியே வந்தார். வெளிச்சம் கூசிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "இது யாரு? இவரும் குடித்தனமா?"

அண்ணன் வீட்டுக்கார அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு பையும் உடம்பில் ஒரு சட்டையுமாக இந்த ஊருக்கு வந்தவரை, யார் என்ன என்று கேட்காமல் சேர்த்துக்கொண்டவர் அந்த அம்மா. அந்த நன்றி அண்ணனுக்கு எப்போதும் உண்டு.

"நானா? நான் ஒண்டிக்கட்டைங்க. எனக்கு ஏது குடித்தனம்? சும்மா வந்து தூங்கிட்டுப் போறவன்" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அதிகாரியும் சிரித்தார். "அப்போ அது சாமான் ரூம்" என்று சொல்லிவிட்டு, நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் அளந்தவர் அந்த அறையை மட்டும் அளக்கவில்லை.

வேலை நடந்தது. கூரையைப் பூசினார்கள். கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் வந்தது. எங்கள் சமையலறையில் ஜன்னல் வைத்தார்கள். முதல் நாள் அதைத் திறந்து வைத்துச் சமைத்தபோது, இத்தனை காலம் புகையைத்தான் தின்றிருக்கிறோம் என்று தோன்றியது. மரப்படியைப் பிடுங்கிவிட்டுக் காங்கிரீட் படி கட்டினார்கள். அதற்காகச் சந்துப் பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் உடைத்திருந்தார்கள். அண்ணனின் அறைக்குள் சில நாள் வெயில் விழுந்தது. கொத்தனார் தலையை உள்ளே விட்டுக் கேட்டார்.

"அண்ணே, சுவரு திறந்துதான் கெடக்கு. ஒரு ஜன்னல் விட்டுக் கட்டிரட்டுமா? வீட்டுக்காரம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அண்ணன் தலையணையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். தலையணைக்கு அடியிலிருந்தே பதில் வந்தது.

"நல்லாருப்ப தம்பி, மூடித் தொலை. நாலு நாளா கண்ணே மூடல."

கொத்தனார் மூடிவிட்டார். புதுப்படியின் பாரம் முழுவதும் அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்தது.

இளைப்பு எப்போது பிடித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் மழைக்காலத்தில் மட்டும் இருமினார். பிறகு வருஷம் முழுக்க இருமினார். சலவைக்கூடத்து நீராவி என்றார்கள். சோப்புத் தூள் என்றார்கள். கடைசியில் அதே ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். இவர், "இனிமேத்தான் முடிவு பண்ணணும் டாக்டர்" என்றாராம். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வேலையை விட்ட பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. இனி பகலில் தூங்க வேண்டியதில்லை. அறைக்குள் உட்கார்ந்தால் மூச்சு முட்டியது. காலையிலேயே படிக்கட்டின் கடைசிப் படியில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் "கொஞ்சம் ஒதுங்கிக்கங்கண்ணே" என்பார்கள். சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார். பிள்ளைகள் அவரைத் தாண்டிக் குதித்துப் போகும். எல்லாருக்கும் இரவில் விரிப்பு வெளுத்துக் கொடுத்த மனிதருக்குப் பகலில் உட்கார ஓர் இடம் இல்லை.

வீட்டுக்கார அம்மா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன்தான் வாடகை வாங்கினான். சின்ன வயதில் அண்ணனின் தோளில் ஏறி ஊர் சுற்றிய பையன். அவனிடம் போய் ஜன்னல் கேட்டார்.

"மாமா, அது ரூமே இல்ல, குடோன். குடோனுக்கு எதுக்கு மாமா ஜன்னல்? நீங்களே வேணாம்னீங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"வேணாம்னு சொன்னது நான்தாண்டா. அப்போ எனக்கு வேணாம், இப்போ வேணும்."

"பாக்கலாம் மாமா."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? திட்டி எழுத வேண்டாம் என்கிறாள், நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் பேத்தி. நான் திட்டவில்லை. அவன் சொன்னதைச் சொல்கிறேன்.

"அலுவலகத்துக்குப் போவோம் வாங்க" என்றேன்.

"வம்பு தங்கச்சி."

"வம்பை நான் பாத்துக்கறேன். நீங்க மூச்சைப் பாத்துக்கங்க."

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

இந்தத் தடவை வந்த அதிகாரி ஒரு பெண். நாடாவை எடுப்பதற்கு முன்னால் கதவைத் திறந்து, குனிந்து உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். வெளியே வந்தபோது மூக்கில் கைக்குட்டை இருந்தது.

"இங்க யாரு குடியிருக்கிறது?"

வீட்டுக்கார மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணன் முந்திக்கொண்டார்.

"நான்தாம்மா. நானும் ஒரு குடித்தனம்தான். முன்னால ஒரு தடவ கேட்டப்போ தெரியாம இல்லன்னுட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் குனிந்து நிற்கவில்லை. அந்தக் கதவில் குனிந்து குனிந்தே பழகிய முதுகு, அன்றைக்குத்தான் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன்.

"ஜன்னல் வைக்கணும், ஈரத்த நிறுத்தணும்" என்று அந்தப் பெண் தீர்த்துச் சொன்னாள். மகன் முணுமுணுத்துக்கொண்டே கொத்தனாரைக் கூட்டி வந்தான். அதே கொத்தனார், தலை நரைத்திருந்தது. சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், படிக்குக் கீழே படுத்து மேலே பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"படியோட பாரம் பூரா இதுலதாம்மா நிக்குது. இதுல ஓட்டை போட்டா படி கீழ வந்துரும்." பிறகு அண்ணனைப் பார்த்தார். "அன்னிக்கே கேட்டேனேண்ணே."

"கேட்ட தம்பி. நீ கேட்டதான்" என்றார் அண்ணன்.

அந்தப் பெண் அண்ணனின் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் சங்கடம்தான். "அப்படின்னா இதுல மனுஷங்க இருக்கவே கூடாது ஐயா. நீங்க வேற இடம் பாத்துக்கணும். சட்டப்படி நான் இதைத்தான் சொல்ல முடியும்" என்றாள். சட்டம் அவருக்காகத்தான் பேசியது. பேசி முடித்தபோது அவருக்கு அறையே இல்லை.

மாடியில் டீச்சர் வீடு காலியாகத்தான் இருந்தது. மகனிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"அது குடித்தனக்காரங்களுக்குன்னு வச்சிருக்கேங்க்கா. தனி ஆளுக்கு எப்படிக் கொடுக்கிறது?"

"உன்னத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சப்போ அவர் தனி ஆளா தெரியலயா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அண்ணனும் நானும் தெருத்தெருவாக அலைந்தோம். எல்லா வாசலிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை பேரு? குடும்பமா?" ஒரு வீட்டில் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேச்சிலருக்குக் கொடுக்கிறதில்ல" என்றார்கள். தெருமுனை வரை நடந்தார். அப்புறம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"என்னைப் போய்ப் பேச்சிலர்ங்கறான் தங்கச்சி. தலைக்கு மை அடிச்சுட்டு வந்திருக்கணுமோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய வேடிக்கைக்கு நான் சிரிக்காத நாள் அது ஒன்றுதான்.

கடைசியில் அக்கா மகள் வந்து அழைத்துப் போனாள். தூரத்து ஊர். கட்டிலும் பெட்டியும் வண்டியில் ஏறின. அறையைக் காலி செய்தபோது சுவரில் அவர் தலை சாய்த்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் வட்டமாக இருந்தது. அதைச் சுற்றிப் பூஞ்சை ஏறியிருந்தது, கறையின் மேல் மட்டும் ஏறவில்லை.

ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல பெண், குறை சொல்வதற்கில்லை. கட்டிலை ஜன்னல் ஓரமாகவே போட்டுக் கொடுத்திருந்தாள். பெரிய ஜன்னல், வெளியே ஒரு மரம். அண்ணன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணின் மேல் துண்டைப் போட்டுப் படுத்திருந்தார். என் குரல் கேட்டுத் துண்டை விலக்கினார்.

"நல்ல காத்துண்ணே" என்றேன்.

"காத்து நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. இவ்வளவு வெளிச்சத்த வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் தெரியல." கொஞ்சம் இருமிவிட்டுக் கேட்டார். "நம்ம ரூம்ல யாரு இருக்கா?"

"சிமெண்ட் மூட்டை."

"அதுவும் ஒண்டிக்கட்டையா, குடும்பமா?"

அன்றைக்குச் சிரித்தேன். அவருக்காகச் சிரித்தேன். போன மழைக்காலத்தில், அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடியேதான் போனாராம். காற்று வந்து சேர்ந்தபோது அதை இழுத்துக்கொள்ள நெஞ்சில் இடம் மிச்சம் இல்லை.

டீச்சர் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்துவிட்டது. வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்கள், "இங்க எத்தனை குடித்தனம்?" என்று என்னிடம்தான் விசாரிப்பார்கள். ஐந்து என்பேன். "நாலுதானே அத்தை" என்று மருமகள் உள்ளேயிருந்து திருத்துவாள். எனக்கு எழுத்துதான் தெரியாது, எண்ணத் தெரியும். ஐந்து என்று மறுபடியும் சொல்வேன்.