கட்டாத குட்டி

எங்கள் நெல்லித்தோப்பு வீட்டில் அப்போது இரண்டு பால்குடிகள். ஒன்று என் இடுப்பில் இருந்த மகள். இன்னொன்று, எங்கள் ஜட்கா வண்டி இழுத்த குதிரை போட்ட குட்டி. எழுபதுகளின் கடைசி. ஆட்டோ வந்துவிட்டது, ஆனாலும் ரயிலடியில் குதிரை வண்டிக்குச் சவாரி இருந்தது.

வண்டிக்காரர்கள் குட்டியைத் தாயோடு சேர்த்து வண்டியின் ஏர்க்காலில் கட்டிவிடுவார்கள். கூடவே ஓடி, நின்ற இடத்தில் பால் குடித்து, அது தெருவுக்குப் பழகிவிடும். என் வீட்டுக்காரர் மட்டும் கட்ட மாட்டேன் என்றார். காரணம் ஊட்டி. அந்தக் குதிரையை வாங்கப் போனபோது மலைமேல் புல்வெளியில் குட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தவர், அதையே பேசிப் பேசி என் பிராணனை வாங்கினார். அங்கே குட்டிகள் புல்லிலேயே பிறக்குமாம். கொட்டில் கிடையாது, கயிறு கிடையாது. ஒன்றையொன்று கடித்து, உதைத்து, சரிவில் துரத்திக்கொண்டு மழையிலேயே வளருமாம். பனி இறங்கினால் எதிரே நிற்பதுகூடத் தெரியாதாம். தாய் ஒரு தரம் கனைத்தால் போதும், அதனதன் குட்டி வந்து மடியில் முட்டுமாம்.

“இதுவும் அப்படி வளந்ததுதான். இத்தோட குட்டியப் போயி கட்டுவாங்களா?”

“அது மலை. இங்க லாரிக்காரன் கனைச்சிட்டா வருவான்?” என்றேன்.

சிரித்தார். நான் கத்தினால் அவருக்குச் சிரிப்புதான்.

உழவர்கரைப் பக்கம் வீடு எழும்பாத பொட்டல் ஒன்று இருந்தது. காலையில் குட்டியை அங்கே விட்டுவிட்டு, சவாரிக்கு நடுவே தாயை ஓட்டிப்போய்ப் பால் கொடுக்க வைப்பார். வாலைத் தூக்கிக்கொண்டு அது முள்செடிகளைச் சுற்றி ஓடுகிற அழகு, சும்மா சொல்லக்கூடாது, எனக்கே கோபம் மறந்துபோகும்.

ஒரு மத்தியானம் போனால் பொட்டலில் குட்டி இல்லை.

யார் பிடித்துப் போனார்களோ, எங்கே மிரண்டு ஓடியதோ. சேதராப்பட்டு ரோட்டில் ஒரு குட்டி போனதாக யாரோ சொல்ல, சைக்கிளில் அங்கே ஓடினார். வெறுங்கையோடு திரும்பினார். கண்ணில் பட்டவர்களை எல்லாம் கும்பிட்டுக் கேட்டார். குதிரை தீனியைத் தொடவில்லை. மடி கல்லாகிவிட்டது. அந்த வலி எனக்குத் தெரியும். மகள் காய்ச்சலில் குடிக்காமல் கிடந்தபோது நான் பட்டிருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் கடிவாளத்தைக் கழற்றினார்.

“அவுத்து வுடறேன். அதுவே தேடிக்கும். தாய்க்குத் தெரியாதா?”

அந்த நேரத்தில் நானும் நம்பினேன். வேறு எதை நம்புவது? மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். குதிரை தெருமுனையில் நின்று காதை நிமிர்த்தி ஒரு தரம் கனைத்தது. அவர் என் கையைப் பிடித்து நசுக்கினார். “பாத்தியா? பாத்தியா?”

அது தயங்கவே இல்லை. ஒரு முனையில் திரும்பியது, அடுத்த முனையில் மறுபடி திரும்பியது. அவர் கிட்டத்தட்ட ஓடினார். மார்க்கெட் வாசலில், சவாரி இறங்குகிற இடத்தில், அது வழக்கம்போல் கொஞ்சம் நின்று நகர்ந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.

ரயிலடியில் வரிசையாக நின்ற வண்டிகளுக்குக் கடைசியில் போய் நின்றது. பின்னங்கால் ஒன்றைத் தளர்த்திக்கொண்டது. மடியிலிருந்து பால் சொட்டியது.

பெட்டியோடு வந்த ஒருவர், “வண்டி எங்கப்பா?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த கடிவாளத்தைப் பார்த்ததும் குதிரை தானாகத் தலையைத் தாழ்த்தியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மகளை அவர் மடியில் போட்டேன். குதிரையின் அடியில் குந்தி, என் கையால் அந்தப் பாலைப் பீச்சித் தரையில் விட்டேன். அது அசையாமல் நின்றது.