மூன்று குழாயும் ஜில்லென்று

அரங்கசாமி அண்ணன் பட்டறைக்கு எதிரில் எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பெரியநாயக்கன்பாளையத்தில் அவரளவுக்கு வேலை தெரிந்தவரும் இல்லை, அவரளவுக்குச் சலித்தவரும் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே பெருமூச்சு விடுவார். யாரிடமும் ஒரு ஸ்பேனர்கூட இரவல் கேட்கமாட்டார். சர்க்கரையில் கால் மரத்து, செருப்பு கழன்று கிடப்பதே தெரியாமல் நடப்பார். "கைக்கும் வந்துட்டா என்னங்ண்ணா பண்ணுவீங்க?" என்றால், "கைதானுங்க தம்பி சோறு போடுது. அதுக்கு வராது" என்பார். சர்க்கரை என்னவோ அவரைக் கேட்டுக்கொண்டு வருகிற மாதிரி. எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கடைகளுக்கு இட்லி மாவு போடும் மாசாணியம்மாள், ஓடும்போது குலுங்குகிறது என்று தன் பழைய வேனை ஒரு நாள் சாயங்காலம் விட்டுப்போனார். மறுநாள் காலையில் அவர் வந்ததும் அண்ணன் இஞ்சினை ஓடவிட்டார். நானும் பட்டறையில் நின்றிருந்தேன். மூன்று சிலிண்டரில் ஒன்று எரியவில்லை. எது என்று பார்க்க அவருக்கு ஒரு வழி உண்டு. புகை வெளியேறும் மூன்று குழாய்களையும் விரல்நுனியால் தொட்டுத் தொட்டு எடுப்பார். எரிகிற சிலிண்டரின் குழாய் சீக்கிரம் சுடும். சுடாத குழாய்ப் பக்கத்துச் சிலிண்டரில் தீப்பொறி தரும் பிளக் போய்விட்டது என்று அர்த்தம்.

தொட்டார். மறுபடியும் முதலிலிருந்து தொட்டார்.

"மூணுமே எரியலீங்க தம்பி. மூணு பிளக் எடுத்துட்டு வாங்க."

என் வாய் சும்மா இருக்குமா? "மூணும் எரியலைன்னா இந்த இஞ்சின் எப்படீங்ண்ணா ஓடிட்டிருக்குது?" என்றேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பாருங்க, ஜில்லுன்னு கெடக்குது" என்று முதல் குழாயில் விரலை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

மாசாணியம்மாள்தான் பாய்ந்து அவர் கையை இழுத்தார். "ஏனுங்ண்ணா, தோல் கருகுதுங்க. தெரியலீங்களா?"

அண்ணன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் வெளுத்துப் பொசுங்கியிருந்தது. முகத்தில் வலியே இல்லை.

நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். இரண்டு குழாய் சுட்டது, மூன்றாவது சுடவில்லை. அண்ணன் இஞ்சினை நிறுத்தி அந்தப் பிளக்கைக் கழற்றினார். முனை தேய்ந்து, பீங்கான் கீறிக் கிடந்தது. புதிதை மாட்டியதும் வேன் குலுங்காமல் ஓடியது. "மொதல்ல ஆசுபத்திரிக்குப் போங்ண்ணா" என்று சொல்லிவிட்டு மாசாணியம்மாள் கிளம்பினார்.

சாயங்காலம் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அண்ணன் என் கடை வாசலுக்கு வந்தார்.

"நாளைக்கும் ஒரு வண்டி வருதுங்க தம்பி" என்றார். "செத்த வந்து தொட்டுப் பாத்துச் சொல்றீங்களா?"