பூவம் கார்டு விழவில்லை

ஊசி பொய் சொல்லாது என்று அந்த அதிகாரி அடிக்கடி சொல்வார். நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஊசி தானாக என்ன சொல்லும்? அதற்கு முன்னால் கார்டில் யார் கை வைத்தார்கள் என்பதுதான் விஷயம்.

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். பல ஊர்களை நிர்வகிக்கிற கொம்யூன் பஞ்சாயத்துகளைச் சேர்த்துத் தொகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். எந்தத் தொகுதியில் எந்த ஊருக்கு என்ன குறை என்று கேட்டால் உடனே எடுத்துத் தர வேண்டும். அதற்காகப் பாண்டிச்சேரியிலிருந்து வந்த அதிகாரி ஒரு கார்டுக் கட்டு கொண்டுவந்தார். ஊருக்கு ஒரு கார்டு. ஓரமெல்லாம் ஓட்டை. ஒவ்வோர் ஓட்டையும் ஒரு கேள்வி: நர்ஸ் இல்லையா, மழையில் பாதை முழுகுமா, இப்படி. ஆமாம் என்றால் அந்த ஓட்டையை விளிம்புவரை வெட்டிவிட வேண்டும். பிறகு கார்டுகளை அடுக்கி, ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியை ஓட்டைக்குள் விட்டுத் தூக்கி உலுக்கினால் வெட்டிய கார்டுகள் கீழே விழும். மற்றவை ஊசியில் தொங்கும்.

வெட்டுகிற வேலை எனக்கும் இன்னொருத்திக்கும். அவள் நெடுங்காட்டுப் பக்கத்துக்காரி. அவள் டப்பாவில் இருக்கிற மீன்குழம்பில் பாதி என் சோற்றில்தான் விழும். ஒருநாள் நான் ஒரு கார்டில் தவறான ஓட்டையை வெட்டிவிட்டேன். அவள் போஸ்ட்கார்டில் ஒரு துண்டு கிழித்து, பின்பக்கம் பசை தடவி ஒட்டி, மறுபடி ஓட்டை போட்டாள்.

“எவனுக்கும் தெரியாதுடி. மூஞ்சியத் தொடச்சுக்க” என்றாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று நினைத்தேன். மடச்சி நான்.

அடுத்த மாதம் அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “தொகுதிக்கு ஒரு நர்ஸ் வரப்போறாங்க. ஊர்லயே தங்குவாங்க. நர்ஸும் இல்லாம, மழையில பாதையும் முழுகுற ஊரு எதுன்னு ஊசி போட்டுப் பாப்போம். ஒண்ணு விழுந்தா அதுக்குக் குடுத்துடலாம். ரெண்டு விழுந்தா நான் நேர்ல போய்ப் பாக்குறேன்.”

எங்கள் தொகுதியில் எந்த இரண்டு விழும் என்று எங்களுக்குத் தெரியும். ஒன்று அவள் பிறந்த ஊர். இன்னொன்று நான் வாழ்க்கைப்பட்ட பூவம். பூவத்தில் என் ஓரகத்திக்கு அப்போது வயிற்றில் இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், தண்ணீரில் சிக்கிய மாட்டுவண்டியிலேயே பிறந்து, அங்கேயே போய்விட்டது. இந்தத் தடவையும் மழை மாதத்தில்தான் நாள். சோற்று டப்பாவைத் திறக்காமல் இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

“ரெண்டு ஊரையும் வந்து பாக்கட்டும்டி. எதுக்குக் கெடச்சாலும் நல்லதுதான்” என்றாள்.

நம்பினேன். அதிகாரி பார்க்க வருவார் என்று ஓரகத்தியிடம் சொல்லியும் வைத்தேன். அவள் அவருக்காக இளநீருக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.

ஊசி போடுகிற அன்று அதிகாரி முதலில் எங்கள் தொகுதிக் கார்டுகளைப் பிரித்தார். நர்ஸ் இல்லாத ஊர்களைப் பிரித்தார். கடைசியில் பாதை ஓட்டையில் ஊசியை விட்டு உலுக்கினார். ஒரே கார்டு விழுந்தது. அவள் ஊர்.

நான் பூவம் கார்டை ஊசியிலிருந்து உருவினேன். பின்பக்கம் போஸ்ட்கார்டுத் துண்டு. பசைகூட முழுசாகக் காயவில்லை.

“சார், இது நான் வெட்டுன ஓட்டை. யாரோ ஒட்டியிருக்காங்க.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. “அவங்கதான் சார் தப்பா வெட்டிட்டு என்னை ஒட்டித் தரச் சொன்னாங்க.”

“சொன்னீங்களாம்மா?”

“அது வேற கார்டு சார்!”

“அப்ப ஒட்டுறதெல்லாம் நடந்திருக்கு.” சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் அவருக்கு. “ஊசி பொய் சொல்லாதும்மா. விடுங்க” என்று கையெழுத்துப் போட்டார். அரை நாள் சைக்கிள் மிதித்திருந்தால் பூவத்தின் பாதையைக் கண்ணால் பார்த்திருக்கலாம். அதற்கு அவருக்கு வக்கில்லை.

வராந்தாவில் அவளை மடக்கினேன்.

“எங்கம்மா ஊருடி. என் எடத்துல இருந்தா நீ செய்யமாட்டியா?”

“மாட்டேன்.”

“சும்மா பேசாத.”

இன்று கேட்டாலும் அதே பதில்தான். அவள் ஊருக்கும் நர்ஸ் வேண்டியிருந்தது, இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? நேரில் வந்து பார்க்கட்டும் என்றுதானே இருந்தோம். அந்தப் பார்வையைத்தான் அவள் ஒட்டி மூடினாள். அதுவும் என்னைக் காப்பாற்றிய அதே வித்தையால். மறுநாளிலிருந்து ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டோம்.

மழை வந்தது. ஓரகத்தி மறுபடி அதே மாட்டுவண்டியில் போனாள். “ஒங்க ஊசியில நாங்க விழலையாக்கா?” என்று வலிக்கு நடுவில் என்னைக் கேட்டாள். வண்டி மறுபடி சிக்கியது. நாலு பேர் தண்ணீரில் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். பிள்ளை பிழைத்தது.

தண்ணீர் வடியும் முன்பே ஒருநாள் அந்த நெடுங்காட்டுக்காரி பூவத்துக்கு வந்தாள். இடுப்புவரை சேலை நனைந்திருந்தது. குழந்தைக்கு வாங்கிய சட்டைப் பொட்டலத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

“எவ்ளோ தண்ணிடி! இப்படின்னு எனக்குத் தெரியாதுடி” என்றாள் வாசலில் நின்று.

நான் வழியை விடவில்லை. பொட்டலத்தையும் வாங்கவில்லை.

“பாத்தாச்சுல்ல? இருட்டுறதுக்குள்ள கெளம்புங்க” என்றேன்.