கருகிய புல்வெளியில் அக்கா கேட்டது

ஓக் மரக்காடு முடிந்து பாதை வளைகிற இடத்தில் புல்வெளி தொடங்கும். நிழலுக்குள் நடந்து வந்தவர்களின் முகத்தில் திடீரென்று வெயில் அடிக்கும். போன வருடத்துக் காய்ந்த புல் இடுப்பளவுக்கு நின்று சரசரக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வெளியே வந்தபோது புல்லைக் காணவில்லை. எட்டிய தூரமெல்லாம் தரை கறுத்துக் கிடந்தது. அக்கா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நட்டிருந்த பலகையைப் பிறகுதான் கண்டோம். பூங்காக்காரர்களே கொளுத்தியிருக்கிறார்கள். இந்த மண்ணுக்குரிய புல் எரிந்த பிறகுதான் நன்றாக முளைக்குமாம்.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. கனடாவில், மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற தொழிற்சாலையில் என்னோடு ஒரே மேசையில் நின்றவர். என்னை விடப் பத்து வயதாவது மூத்தவர். தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் தொழிற்சாலை தந்த வலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தட்டுகள் வரும் வேகத்துக்குச் சிறிதும் பதறாமல் வேலை செய்வார். எனக்குச் சீனி வருத்தம் வந்து, நடக்கச் சொல்லி டொக்டர் பயமுறுத்தியபோது, "தனிய நடக்க மாட்டாய், நானும் வாறன்" என்று அவராகவே சேர்ந்துகொண்டார். இந்தப் பாதையைத் தேடிப் பிடித்தவரும் அவர்தான். ஏற்றம் இல்லை, குழந்தை வண்டி தள்ளிக்கொண்டும் வருவார்கள். காட்டுக்குள் போய், புல்வெளியைச் சுற்றி, கார் விட்ட இடத்துக்கே வந்துவிடலாம். பல ஞாயிற்றுக்கிழமைகள் அப்படி நடந்தோம். சம்பளம், முழங்கால், பிள்ளைகள், சூப்பர்வைசர் என்று எல்லாம் பேசினோம். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்தவள் நான் என்று ஒருமுறை சொன்னதற்கு மேல் ஊர்ப் பேச்சு மட்டும் வந்ததில்லை. அவர் கொழும்புப் பக்கத்தவர், எங்களோடு வேலை செய்து எங்கள் தமிழ் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நானே முடிவு செய்திருந்தேன்.

கரி மணம் மூக்கில் ஏறியதும் என் வாயில் ஊர் வந்துவிட்டது.

"எங்கட பின்வளவும் ஷெல் விழுந்து இப்பிடித்தான் கருகிக் கிடந்தது, அக்கா."

"எங்க? தீவிலயோ?"

"இல்லை, தீவில இருந்து இடம்பெயர்ந்து வந்து யாழ்ப்பாணம் ரவுணில இருந்தனாங்கள். சோனகத் தெருவில."

அக்கா நின்றுவிட்டார். என் கையை விட்டுவிட்டார்.

"நான் பிறந்து வளந்தது அந்தத் தெருவிலதான், பிள்ளை."

யாழ்ப்பாணத்தில் இருந்து முஸ்லிம்கள் தொண்ணூறில் தமிழ் ஆயுத இயக்கத்தால் வெளியேற்றப்பட்டதை வளர்ந்த பின் வாசித்து அறிந்திருந்தேன். வாசித்தது வேறு. அந்தத் தெருவில் இருந்து போன ஒருவரோடு தோள் உரச இத்தனை வருடம் வேலை செய்திருக்கிறேன் என்பது வேறு. அக்கா குரலை உயர்த்தாமல், கரித்தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"துவக்கோட வந்த பெடியள் ஸ்பீக்கரில கூப்பிட்டவங்கள். ரண்டு மணித்தியாலத்துக்குள்ள வெளிக்கிடட்டாம். ஆளுக்கொரு பை. சந்தியில மறிச்சு உம்மான்ர காதில கிடந்த தோட்டையும் கழட்டினவங்கள். வாப்பா வீட்டைப் பூட்டிப்போட்டு, திறப்பை அவங்கட கையிலயே குடுத்தவர்."

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்து வாங்குப் பலகைகளில் படுத்துக் கிடந்த எங்களுக்கு ஒரு முழு வீடு கிடைத்தது என்பதுதான் நான் அறிந்தது. கதவில்லாத அலுமாரிக்குள் ஒரு குழந்தைச் சப்பாத்து ஒற்றையாகக் கிடந்தது. "இந்த வீட்டு ஆக்கள் எங்க?" என்று அம்மாவைக் கேட்டேன். "போயிட்டினம்" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அங்கே படித்தேன், ஒளித்துப் பிடித்து விளையாடினேன். இப்போது அந்தச் சொல் இந்தப் பாதையில், முக்காடு கட்டி, எனக்குப் பக்கத்தில் நின்றது.

அக்கா கெட்ட வார்த்தையால் ஏசினாலும் தலை குனிந்து வாங்கிக்கொள்ள நான் தயாராக நின்றேன். அவர் கேட்டதோ வேறு.

"கிணத்துத் தண்ணி எப்பிடி? உவரோ?"

"இல்லை அக்கா. நல்ல தண்ணி. பக்கத்து வீடுகளில இருந்தும் வந்து அள்ளுவினம்."

"அப்ப அது எங்கட வீடில்லை. எங்கட கிணறு உவர்."

என் நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியது. அவர் வீடில்லை! நிம்மதியோடு அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அங்கே நிம்மதி இல்லை. கிடைக்கப்போன ஒன்று கை தவறிப்போன ஏமாற்றம் இருந்தது. அது தன் வீடாக இருக்க வேண்டுமென்று அவர் ஆசைப்பட்டிருக்கிறார். தான் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்ததாக நினைத்திருக்கிறார். அன்றைக்கு என்னை அதிகம் உலுக்கியது அந்த முகம்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கேள்விகள் வந்தன. கதவு என்ன நிறம்? பச்சை. வாசலில் தூண் இருந்ததா? இரண்டு. கிணற்றடியில் என்ன மரம்? மாதுளை. நான் மறந்துவிட்டதாக நினைத்ததையெல்லாம் காட்டுப்பாதையில் நடக்க நடக்க அக்கா என்னிடம் இருந்து எடுத்தார். வீட்டுக்குப் போய்ப் புத்தளத்தில் இருக்கும் உறவுக்காரருக்கு ஃபோன் போடுவார். "ஆரின்ர வீடெண்டு கண்டுபிடிக்காம விடமாட்டன்" என்றார். வேண்டாம் அக்கா என்று சொல்ல வாய் உன்னியது, சொல்லவில்லை.

கோடை தொடங்கியிருந்த ஒரு காலையில், கார் தரிப்பிடத்தில் அக்கா தனியாக நிற்கவில்லை. பக்கத்தில் என் வயதில் ஒரு பெண், புதுச் சப்பாத்தோடு, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றார்.

"இவ பிறம்ரனில இருக்கிறா. கிட்டத்தான், எனக்குத்தான் தெரியாமப் போச்சு" என்றார் அக்கா. "அந்த வீட்டுப் பிள்ளை."

வணக்கம் சொன்னேனா, கை கொடுத்தேனா, நினைவில்லை. நடக்கத் தொடங்கினோம். இருவர் மட்டுமே சேர்ந்து நடக்கக்கூடிய அகலம் அந்தப் பாதைக்கு. அக்கா வேண்டுமென்றே பின்தங்கி, எங்கள் இருவரையும் முன்னால் விட்டார். காடு முழுவதும், அந்தப் பெண் கேட்கக்கூடியதற்கெல்லாம் நான் மனதுக்குள் பதில்களை அடுக்கிக்கொண்டு வந்தேன். அலுமாரிக் கதவுகளை நாங்கள் எரிக்கவில்லை, நாங்கள் வரும்போதே இல்லை. தையல் மெசின் எதையும் நாங்கள் காணவில்லை. மாதுளையை வெட்டவில்லை, ஷெல்லில் கருகியது.

புல்வெளிக்கு வந்தோம். கறுப்பு இருந்த இடம் தெரியவில்லை. முழங்காலளவுக்குப் பச்சை, நடுவில் ஊதாப் பூக்கள். அந்தப் பெண் நின்று என் பக்கம் திரும்பினார்.

"எங்கட பூனை அங்க நிண்டதோ?"

நான் அடுக்கி வைத்த பதில்களில் இது இல்லை. ஆனால் பூனை வந்துவிட்டது. குசினி மதிலில் குந்தியிருந்து, நாங்கள் கூப்பிட்டால் வராமல், வைத்த சோற்றை நாங்கள் போன பிறகு மட்டும் தின்கிற சாம்பல் நிறப் பூனை. தெருப் பூனை என்றுதான் நினைத்திருந்தோம்.

"சாம்பல் நிறமோ?" என்று கேட்டேன். அவர் தலையாட்டினார்.

"நிண்டது. விறகுக் கொட்டிலுக்க குட்டியும் போட்டது."

அவர் கண்கள் அகன்றன.

"குட்டியோ? வாப்பா அதைக் கடுவன் எண்டெல்லோ சொன்னவர்!"

பின்னால் நின்ற அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பாதை ஓரத்து வாங்கில் அமர்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து அமர்ந்தார்.

"எத்தினை குட்டி?"

"மூண்டு" என்றேன். "ரண்டு சாம்பல். ஒண்டு கறுப்பு."